வேல்ஸில் ஒரு மலைப்பண்ணை, அதைச் சுற்றி ஒரு நாள்: ட்ராவ்ஸ்வனித் வட்டாரம்

கேள்வி இது: “வடக்கு வேல்ஸுக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஸ்னோடன் மலை, கார்னார்வன் கோட்டை எல்லாம் ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன. அது போக, நாட்டுப்புறத்தில் ஒரு நிஜமான பண்ணையையும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களையும் ஒரு நாள் நிதானமாகப் பார்க்க ஆசை. எங்கே போகலாம்? பார்க்க என்ன இருக்கிறது?”

என்னைக் கேட்டால், ட்ராவ்ஸ்வனித் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அர் அஸ்குர்ன் பண்ணைக்குப் போங்கள். வேல்ஸில் இதைவிட அழகான பண்ணைகள் எத்தனையோ உண்டு. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. இருபதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்தவர்கள் இந்த வட்டாரத்திடம் கேட்காதது எதுவும் இல்லை. பீரங்கிப் பயிற்சிக்கு மேய்ச்சல் நிலம் கேட்டார்கள். மின்சாரத்துக்குத் தண்ணீர் கேட்டார்கள். போருக்குப் பிள்ளைகளைக் கேட்டார்கள். கடைசியில் அணு உலைக்கும் இங்கேதான் இடம் பார்த்தார்கள். இந்தப் பண்ணையை நடுவில் வைத்துக் காரில் ஒரு சுற்று வந்தால் இத்தனையும் கண்ணில் படும். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு வரலாறு கிடைக்கும் வட்டாரம் வேல்ஸில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இடம் எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்னோடனியா தேசியப் பூங்காவின் தென்பாதியில், பழைய மெய்ரியோனித் மாவட்டத்தில், தெற்கு வடக்காக ஓடும் ஏ470 சாலையை ஒட்டி ட்ராவ்ஸ்வனித் இருக்கிறது. மேற்கே ரினோக் மலைகள்: கரடுமுரடான பாறை, இடுப்பளவு புதர், ஆள் நடமாட்டம் குறைவு. கிழக்கே கூம் ப்ரசோர் என்ற நீளமான பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கின் வாயில், ஊரிலிருந்து ஒரு மைல் தூரத்தில், சரிவில் நிற்கிறது அர் அஸ்குர்ன். 1830ல் கட்டிய கல் வீடு, சுற்றிலும் மாட்டுத் தொழுவங்கள், பின்னால் கல்லடுக்குச் சுவர்கள். சாந்து வைக்காமல் கல்மேல் கல் அடுக்கி எழுப்பும் அந்தச் சுவர்கள்தான் இந்த மலைநாட்டின் வேலி.

இந்த வீட்டில் வளர்ந்தவர் எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ். ஹெத் வின் என்ற புனைபெயரில் வேல்ஸ் முழுக்க அறியப்பட்ட கவிஞர். பிறந்தது 1887 ஜனவரியில், ஊருக்குள் அம்மாவின் பெற்றோர் வீட்டில். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இந்த 168 ஏக்கர் பண்ணைக்கு வந்துவிட்டது. பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். செம்மறி ஆடு மேய்ப்பதுதான் வேலை, ஆனால் மனசெல்லாம் கவிதையில். 1907ல், இருபது வயதில், பாலா என்ற பக்கத்து நகரத்தில் நடந்த கவிதைப் போட்டியில் முதல் நாற்காலியை வென்றார்.

நாற்காலி என்றதும் குழம்ப வேண்டாம். ஐஸ்டெத்வோட் என்பது வேல்ஸின் கலை இலக்கியத் திருவிழா. ஊர் அளவிலும் நடக்கும், ஆண்டுக்கொரு முறை தேசிய அளவிலும் நடக்கும். மரபுக் கவிதையில் வெல்பவருக்குப் பரிசு ஒரு நாற்காலி. சும்மா பெயருக்கு அல்ல, உட்காருகிற மர நாற்காலி, ஒவ்வொன்றும் தனியாகச் செய்தது. போட்டிக்கான நெடுங்கவிதை 24 மரபு யாப்புகளுக்குள் அமைய வேண்டும். ஒவ்வொரு அடியிலும் மெய்யெழுத்துகள் ஒரு ஒழுங்கில் திரும்ப வர வேண்டும், அடிக்குள்ளேயே ஓசை ஒத்துப்போக வேண்டும். எதுகை மோனையோடு வளர்ந்த நமக்கு அதன் கடினமும் சுகமும் உடனே புரியும். இப்படி உள்ளூர்ப் போட்டிகளில் ஐந்து நாற்காலிகள் ஹெத் வின்னுக்குக் கிடைத்தன. தேசிய விழாவில் 1916ல் இரண்டாம் இடம் வந்தார். அடுத்த ஆண்டு எப்படியும் வெல்வது என்ற முடிவோடு இருந்தார்.

அதற்குள் முதல் உலகப் போருக்காகக் கட்டாய ராணுவச் சேவை வந்துவிட்டது. பண்ணை வேலைக்கு விலக்கு உண்டு, ஆனால் வயது வந்த மகன்கள் பலர் இருக்கும் வீட்டில் எல்லாருக்கும் கிடையாது. யாராவது ஒருவர் போயாக வேண்டும். தம்பி பாப் போவதற்குப் பதிலாக எல்லிஸ் கிளம்பினார். போரில் அவருக்கு எந்த ஆர்வமும் இருந்ததில்லை. 1917 தொடக்கத்தில் லிவர்பூலுக்குப் பக்கத்தில் லிதர்லண்ட் முகாமில் பயிற்சி. அந்த வசந்தத்தில் உழவுக்கு ஆள் பற்றாக்குறை என்பதால், பண்ணை தெரிந்த வீரர்களை அரசு தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பியது. எல்லிஸுக்கு ஏழு வாரம் கிடைத்தது. “வீரன்” என்ற தலைப்பிலான போட்டிக் கவிதையின் பெரும்பகுதியை அப்போது இந்த வீட்டில் வைத்துத்தான் எழுதினார். திரும்பிப் போகும் அவசரத்தில் கையெழுத்துப் படியை மேசைமேலேயே விட்டுவிட்டார். பிரான்ஸுக்குப் போகும் வழியில் நினைவிலிருந்தே திரும்ப எழுதி, ஜூலையில் போட்டிக்கு அனுப்பினார்.

1917 ஜூலை 31, பாஸண்டேல் போரின் முதல் நாள். பெல்ஜியத்தில் பில்கெம் மேட்டில் வெல்ஷ் படைப்பிரிவு முன்னேறியபோது குண்டடிபட்டு அன்றே இறந்தார். வயது முப்பது. செப்டம்பர் 6 அன்று பர்க்கன்ஹெட்டில் தேசிய விழா. பிரதமர் லாயிட் ஜார்ஜும் மேடையில் இருந்தார். வென்றவரின் புனைபெயரைச் சொல்லி எக்காளம் ஊதி அழைத்தார்கள், எழுந்திருக்க யாரும் இல்லை. கவிஞர் போரில் இறந்துவிட்டதை அறிவித்து, காலி நாற்காலிமேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அன்றிலிருந்து அது கறுப்பு நாற்காலி. அதைச் செய்தவர் யூஜின் வான்ஃப்ளெட்டெரன், பெல்ஜியத்தின் மெக்கெலன் நகரத்திலிருந்து போருக்குத் தப்பி வந்து பர்க்கன்ஹெட்டில் தங்கிய அகதி. அவர் நாட்டு மண்ணில்தான் அந்தக் கவிஞர் புதைந்திருக்கிறார், போசிங்கே கிராமத்துப் பக்கம் ஆர்ட்டிலரி வுட் கல்லறையில்.

நாற்காலி இன்றும் பண்ணை வீட்டில் இருக்கிறது. பக்கத்தில் போய் நின்று பாருங்கள். படங்களில் அதன் உருவம் தெரியுமே தவிர வேலைப்பாடு தெரியாது. ஓக் மரம், சிம்மாசனம்போல உயர்ந்த முதுகு. கெல்ட்டிக் பின்னல்களும் வேல்ஸின் டிராகனும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கி, விரல் நுழைய இடமில்லாமல் செதுக்கியிருக்கும். நான்கு பேர் சாப்பிட உட்காரும் சின்ன வீட்டுக்கு அது எவ்வளவு பெரியது என்பது நேரில்தான் உறைக்கும். மற்ற நாற்காலிகளும் அதே வீட்டில்தான்.

வீடு இப்படி நிலைத்ததற்குக் காரணம் கவிஞரின் சகோதரி மகன் ஜெரால்ட் வில்லியம்ஸ். பாட்டி தாத்தாவிடம் வளர்ந்த அவரும் அவர் அண்ணன் தம்பிமாரில் ஒருவரும் இதே பண்ணையில் ஆடு மாடு வைத்து வாழ்ந்தார்கள். யார் வந்தாலும் கதவைத் திறந்து வை என்பது பாட்டியிடம் கொடுத்த வாக்கு. முன்னறிவிப்பில்லாமல் கதவைத் தட்டியவர்களுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் அவரே வீட்டைச் சுற்றிக் காட்டினார். 2012ல் தேசியப் பூங்கா நிர்வாகம் பண்ணையை வாங்கியது. பழுது பார்த்து, கவிஞர் இறந்து நூறு ஆண்டு நிறைந்த 2017ல் மீண்டும் திறந்தார்கள். ஜெரால்ட் 2021ல் காலமானார். பழுது பார்ப்பு வேலையை நான் மெச்சுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள்போல ஆக்காமல், அடுப்பு, மேசை, கடிகாரம் எல்லாம் வீட்டு ஆட்கள் விட்டுப்போன மாதிரியே வைத்திருக்கிறார்கள். கூரையில் குடியிருந்த குதிரைலாட வௌவால்களுக்குக்கூடத் தொழுவத்தில் தனி இடம் ஒதுக்கினார்கள். முக்கியமாக, நிலத்தில் ஆடு இன்னும் மேய்கிறது.

மலைப்பண்ணை எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டு போனால் சுற்றியிருக்கும் காட்சி வேறு மாதிரி தெரியும். நிலம் மூன்று அடுக்கு. வீட்டை ஒட்டிய பச்சை வயல்கள் முதல் அடுக்கு: குளிர்காலத் தீவனத்துக்குப் புல் வளர்ப்பதும், குட்டி போடும் ஆடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் இங்கே. அதற்கு மேல் ஃப்ரீத் என்கிற இடைச்சரிவு: பெரணியும் முட்செடியும் பாறையும் கலந்த மேய்ச்சல். அதற்கும் மேல் வேலியில்லாத திறந்த மலை. வெல்ஷ் மலைச் செம்மறி சிறியது, வெள்ளை முகம், மழைக்கும் காற்றுக்கும் அசராதது. வேலியில்லாத மலையில் ஒரு பண்ணையின் ஆடு இன்னொரு பண்ணையின் பகுதிக்குப் போகாமல் இருப்பது எப்படி? தாய் ஆடு தன் எல்லையைக் குட்டிக்குக் கற்றுத்தருகிறது. குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் கற்றுத்தருகிறது. அதனால்தான் இங்கே பண்ணை கைமாறும்போது மலை மந்தையும் சேர்ந்தே கைமாறுவது வழக்கம். மந்தையை ஒரு முறை மொத்தமாக விற்றுவிட்டால் அந்த ஞாபகம் போய்விடும். புதிதாக வாங்கி விட்ட ஆடுகள் மலை முழுக்கச் சிதறும்.

குட்டி போடும் காலம் தாழ்நிலத்தைவிட இங்கே தள்ளி, ஏப்ரலில் வரும். கோடையில் மந்தையை இறக்கிக் கம்பளி கத்தரிக்க அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து வருவார்கள். இன்று உன் மலை, நாளை என் மலை என்று முறை வைத்துக்கொள்வது பழைய ஏற்பாடு. விசில் சத்தத்துக்கு மேய்ப்பு நாய் இடமும் வலமும் திரும்புவதைப் பார்க்க வாய்த்தால் காரை ஓரமாக நிறுத்திவிட்டு முழுசாகப் பாருங்கள்.

இந்த ஆடுகளோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு கதை உண்டு. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கதிரியக்க மேகம் வேல்ஸ் மலைகள்மேல் வந்த நேரம் பார்த்துக் கனமழை. மழையோடு இறங்கிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இங்கத்துக் கரிச்சதுப்பு மண்ணில் தங்கிவிட்டது. களிமண்ணாக இருந்தால் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். இந்தப் புளிப்பு மண்ணோ புல்லுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. புல்லிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டின் கழிவிலிருந்து திரும்ப மண்ணுக்கு என்று ஆண்டுக்கணக்கில் சுற்றியது. ஜூனில் அரசு ஆடுகளை விற்கவும் வெட்டவும் கட்டுப்பாடு போட்டது. இறைச்சியில் கிலோவுக்கு 1,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது வரம்பு. சில வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். கடைசிப் பண்ணைகளுக்கு விடுதலை கிடைத்தது 2012ல். இடைப்பட்ட 26 ஆண்டுகளும், விற்பனைக்கு முன்னால் ஆய்வாளர் வந்து, ஆட்டைப் பிடித்து நிறுத்தி, பின்புறத்தில் கதிர்வீச்சு மானியை அழுத்தி அளப்பார். வரம்பைத் தாண்டிய ஆட்டின்மேல் சாயம் பூசி ஒதுக்கிவிடுவார்கள். சாயம் பட்ட ஆட்டுக்குச் சந்தையில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பண்ணைக்காரர் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. அவர் மலையில் அன்று மழை பெய்தது, அவ்வளவுதான்.

இதில் இந்த வட்டாரத்துக்குக் கூடுதல் வேதனை, சந்தேகப்பட இங்கேயே ஒரு அணுமின் நிலையம் இருந்ததுதான். பண்ணையைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தால் ஏரிக்கரையில் இரண்டு பிரம்மாண்டமான சாம்பல் நிறக் கட்டடங்கள் தெரியும். அவைதான் உலைகள். பிரிட்டனில் கடற்கரையில் இல்லாமல் உள்நாட்டில் கட்டப்பட்ட ஒரே வணிக அணுமின் நிலையம் இது. 1959ல் வேலை தொடங்கி, 1965ல் மின்சாரம் தந்து, 1991ல் நின்றது. வடிவமைத்தவர் பேசில் ஸ்பென்ஸ், சுற்றுப்புறத்தைத் திட்டமிட்டவர் சில்வியா க்ரோ. மலைக்கோட்டைபோலத் தெரிய வேண்டும் என்று முயன்றிருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது அசிங்கமாகத் தெரியவில்லை, ஆனால் தேசியப் பூங்காவுக்கு நடுவில் அது ஏன் என்ற கேள்வி போகவும் இல்லை. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இளைஞர்கள் ஊரை விட்டுப் போகாமல் இருந்ததற்கும், வெல்ஷ் மொழி இங்கே வீட்டிலும் கடையிலும் உயிரோடு இருப்பதற்கும், அந்த வேலைவாய்ப்பு ஒரு காரணம். உலை நின்ற பிறகும் அதைப் பிரித்தெடுக்கும் வேலையில் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

ஏரியும் இயற்கையானதல்ல. 1924 முதல் 1928 வரை அணை கட்டி, மைன்ட்டூரொக் நீர்மின் நிலையத்துக்காக உண்டாக்கியது. பண்ணைகளும் வீடுகளும் நல்ல விளைநிலமும் தண்ணீருக்குள் போயின. அதே தண்ணீர்தான் பின்னாளில் உலையைக் குளிர்வித்தது. ஏரிக்குக் குறுக்கே ஒரு நீண்ட நடைபாலம் உண்டு. அக்கரைப் பண்ணைக்காரர்கள் ஊருக்கு வந்து போகப் போட்டது. அதில் நடந்து பார்க்கலாம். மீன் பிடிக்கிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் ஏரி நல்ல இடம்.

ஊருக்குள் ஒரே தெருவில் எல்லாம் முடிந்துவிடும். நடுவில் ஹெத் வின்னின் வெண்கலச் சிலை. 1923ல் அவருடைய அம்மாவே திறந்துவைத்தார். படைவீரர் உடுப்பில் அல்ல, மேய்ப்பர் உடுப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த முடிவு எடுத்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. சிலைக்கடியில் இருக்கும் நான்கடிப் பாடல், போரில் இறந்த நண்பனுக்காக அவரே எழுதியது. அந்த அன்பு முகம் மறக்காது என்கிறது. அது அவருக்கே பொருந்திப்போனது.

ஊருக்குச் சில மைல் வடக்கே டோமென் அ மீர். கட்டாயம் போக வேண்டிய இடம், ஆனால் அறிவிப்புப் பலகையைத் தவிர கூட்டமோ கடையோ இருக்காது. கி.பி. 78 வாக்கில் ரோமானியர் கட்டிய கோட்டை. வெறும் மண்மேடுகள்தான் மிச்சம், ஆனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் படை அணிவகுத்த மைதானமும் ஒரு குட்டி வட்டரங்கமும் புல்லுக்கடியில் வடிவம் காட்டும். கோட்டைக்குள்ளேயே ஆயிரம் ஆண்டு கழித்து நார்மன்கள் எழுப்பிய செயற்கைக் குன்று ஒன்று நிற்கிறது. அதில் ஏறினால் ஏரி, உலை, ரினோக் மலை மூன்றும் ஒரே பார்வையில். இடைக்கால வெல்ஷ் கதைகளில் பூக்களால் ஒரு பெண்ணைச் செய்து லியூ என்ற இளவரசனுக்கு மனைவியாக்குவார்கள். அவள் பெயர் ப்ளொடைவெத். அவள் அவனுக்குத் துரோகம் செய்து, கடைசியில் ஆந்தையாக மாற்றப்படுவாள். அவர்கள் அரண்மனை இருந்ததாகச் சொல்லும் இடம் இதுதான்.

தெற்கே ப்ரோனாபெர். 1900களின் தொடக்கத்திலிருந்து 1950களின் பிற்பகுதி வரை இந்தப் பக்கத்து மலைகள் ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சித் திடல். முகாமை இன்னும் விரிக்க முயன்றபோது, 1951ல் க்வின்வோர் எவன்ஸ் தலைமையில் வெல்ஷ் தேசியவாதிகள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அங்கேயே இருக்கும் ரிவ் கோக் என்ற பழைய மாளிகையோடு இன்னொரு பெயரும் சேர்ந்து வரும்: இந்த ஊரில் பிறந்த கத்தோலிக்கத் துறவி ஜான் ராபர்ட்ஸ். லண்டனில் பிளேக் வந்தபோது நோயாளிகளுக்குத் தொண்டு செய்தவர். குருவாக இருந்த குற்றத்துக்காக 1610 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். 1970ல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நேரம் இருந்தால் கூம் ப்ரசோர் வழியாகக் கிழக்கே பாலா சாலையில் போங்கள். ஆளில்லாத பள்ளத்தாக்கில் ஒன்பது வளைவுகளோடு ஒரு ரயில் பாலம் நிற்கும். பாலாவிலிருந்து பிளைனை ஃபெஸ்டினியோக் வரை 1880களில் போட்ட பாதை. 1960ல் பயணிகள் ரயில் நின்றது. நின்றதற்குக் காரணம் இன்னும் கொஞ்ச தூரத்தில் தெரியும்: அந்தப் பாதையையும் விழுங்கிய கெலின் ஏரி. லிவர்பூல் மாநகராட்சி தன் தண்ணீருக்காக காப்பெல் கெலின் கிராமத்தை மூழ்கடிக்க 1957ல் நாடாளுமன்றத்தில் சட்டம் வாங்கியது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை, ஆனாலும் சட்டம் நிறைவேறியது. பள்ளிக்கூடம், தபால் நிலையம், தேவாலயம், பண்ணைகள் எல்லாம் 1965ல் தண்ணீருக்குள் போயின. 2005ல் லிவர்பூல் மன்னிப்புக் கேட்டது. வேல்ஸில் இன்றுவரை சுவர்களில் எழுதப்படும் கோபம் இது. கரையில் ஒரு நினைவுத் தேவாலயம் உண்டு, நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பிளைனை ஃபெஸ்டினியோக் கற்பலகைச் சுரங்க நகரம். சுற்றிலும் கல் கழிவு மலைகள், அங்கிருந்து போர்த்மதோக் துறைமுகத்துக்குச் சின்ன ரயில். குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

ஒரு நாள்தான் என்றால் நான் போடும் வரிசை இது: காலையில் டோமென் அ மீர், பிறகு ஊர், சிலை, ஏரிக்கரையில் சாப்பாடு, மதியத்துக்கு மேல் அர் அஸ்குர்ன், கடைசியாக கெலின் ஏரி வரை ஒரு நீள ஓட்டம். பண்ணை வீடு எல்லா நாளும் திறந்திருக்காது, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். போகுமுன் நாளையும் நேரத்தையும் உறுதி செய்து, வீட்டுக்குள் பார்க்க முன்பதிவும் செய்துகொள்ளுங்கள். பஸ் உண்டு, ஆனால் இத்தனை இடத்துக்கும் கார் இல்லாமல் முடியாது. சாலை பல இடத்தில் ஒரு வண்டி அகலம்தான். எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுத்து வழிவிடுவது வழக்கம். வயல் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். ஏப்ரல், மே என்றால் குட்டி ஆட்டைக் கண்டு குழந்தைகள் ஓடிப்போய்த் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாய் அருகில்தான் எங்காவது நிற்கும். அப்புறம், எந்த மாதம் போனாலும் மழைக்கோட்டும் தண்ணீர் புகாத காலணியும் வண்டியில் இருக்கட்டும்.